விரல் தெரியுதோ, மிஸ்?

எங்கள் அலுவலகத்துக்குக் காணொளி வேலைக்காக வந்த முதல் நாளே அந்த அக்கா என்னைச் சங்கடப்படுத்தினார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, கதிரையைக் காட்டி, இருங்கள் என்றேன். அவர் இருக்கவில்லை. "வெப்சைட்டில போட்ட வீடியோ எல்லாத்தையும் காட்டுங்கோ" என்றார். முப்பத்திரண்டு இருந்தன. ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, நடுவில் சட்டென்று நிறுத்தி, திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய்ப் பார்ப்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "விரல் தெரியுதோ, மிஸ்?" என்பார்.

முதலாவதில் தெரிந்தது. இரண்டாவதில் ஓரளவு தெரிந்தது. மூன்றாவதில் கை இருந்த இடத்தில் மண்ணிறத்தில் ஒரு புகைதான் இருந்தது.

"ஓடேக்க விளங்குதுதானே" என்றேன்.

"உங்களுக்கு விளங்கும். அந்தத் தம்பி என்ன சொல்லுறார் எண்டு உங்களுக்கு முதலே தெரியும். தெரியாத ஆளுக்கு விளங்குதோ?"

அன்று மாலைக்குள் முப்பத்திரண்டில் பத்தொன்பதை அவர் கழித்துவிட்டார். அந்தப் பத்தொன்பதையும் ஏற்றியவள் நான்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் இரண்டே அறைகள் கொண்டது எங்கள் அலுவலகம். மாவட்டத்தில் உள்ள செவிப்புலன் வலுவற்றவர்களுக்கான ஒரு சிறிய சங்கம். அவர்களில் பலர் பள்ளிக்கூடத்தில் அதிக காலம் இருந்தவர்களல்லர். எழுத்தை விடச் சைகை மொழிதான் அவர்களுக்குச் சொந்த மொழி. ஆகவே ஆஸ்பத்திரி கிளினிக் நாட்கள், அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் முறை, டெங்குக் காய்ச்சல் என்று தேவையான செய்திகளைச் சைகை மொழியில் படம் பிடித்து இணையத்தளத்தில் போட்டு வந்தோம். கமராவுக்கு முன் நின்று செய்தி சொல்பவர் நிரோஷன். அவருக்கும் காது கேட்காது. தொழில் தையல். நான் இணைப்பாளர் என்ற பெயரில் படம் பிடிப்பது, சைகையோடு குரலிலும் செய்தியைச் சொல்வது, குறைந்த சிக்னலிலும் ஓடும்படி போனில் ஒரு செயலியால் கோப்பைச் சுருக்குவது, ஏற்றுவது எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தேன். நன்றாகத்தான் செய்கிறேன் என்ற நினைப்பும் இருந்தது.

அந்த நினைப்பை உடைத்தவர் திரியாயிலிருந்து வந்த ஒரு கர்ப்பிணிப் பெண். பேசவும் கேட்கவும் முடியாதவர். எங்கள் காணொளியைப் பார்த்து, ஆறாம் திகதி என்று நினைத்து, பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். கிளினிக் ஏழாம் திகதி. ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதுவிட்டு எங்களிடம் வந்தார். தன் போனில் அந்தக் காணொளியைப் போட்டுக் காட்டினார். நிரோஷனுடைய கையில் ஒரு விரல் கரைந்து போயிருந்தது. ஏழு, ஆறாகத் தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. போனை என் கையில் வைத்துவிட்டு, தன் வயிற்றைத் தடவிக்கொண்டு நின்றார். அடுத்த நாள் நான் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அன்றே, காணொளி வேலை தெரிந்த ஒருவர் எங்களுக்கு வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன்.

அப்படி வந்தவர்தான் அவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் அக்கா என்பேன். அவர் என்னை மிஸ் என்பார். சீனன்குடாவில் வீடு, கணவருக்கு அங்கே எண்ணெய்த் தாங்கிகள் உள்ள இடத்தில் காவல் வேலை. நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் பதினாலு வருடம் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிய அனுபவம். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றுவிட்டது. ஆங்கிலம் வாசிப்பார், பேசச் சொன்னால் சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்துவிடுவார்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு அவர் எனக்குச் சொன்ன விளக்கத்தைப் பிறகு நான் எத்தனையோ கூட்டங்களில் என்னுடையது போலச் சொல்லியிருக்கிறேன்.

"சுருக்கிற சொப்ட்வெயார் எல்லாம் எதையோ எறியும், மிஸ். எறியாமச் சுருக்கேலாது. எதை எறியுது எண்டதுதான் கேள்வி. கலியாண வீட்டில பொம்பிளையின்ர முகம் அசையாம நிக்கும். பின்னால ஆக்கள் ஓடித் திரிவினம். ஓடுறதை மங்கலாக்கினா ஒருத்தருக்கும் தெரியாது. அதால சொப்ட்வெயார் ஓடுறதில கைவைக்கும். இஞ்ச ஓடுறதுதான் கதை. கையை மங்கலாக்கினா அவையின்ர வாயைப் பொத்தின மாதிரி."

அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் கையைக் காப்பாற்றும் வேலைதான். முதலில் சுவரில் நான் ஆசையாகத் தொங்கவிட்டிருந்த பூப்போட்ட திரைச்சீலையைக் கழற்றினார். "உந்தப் பூவெல்லாத்தையும் கீறுறதுக்கே பைலில பாதி இடம் போயிடும்" என்று சொல்லி, வெறும் சாம்பல் துணி ஒன்றைக் கட்டினார். பிறகு நிரோஷனுடைய சேட்டில் கைவைத்தார். நிரோஷன் தானே தைத்த கட்டம்போட்ட சேட்டுகளைத்தான் உடுப்பார். அதில் அவருக்குப் பெருமை அதிகம். கருநீலத்தில் வெறும் சேட் வேண்டும் என்று இவர் சொன்னதும் நிரோஷன் கையை வேகமாக வீசி எதையோ சொன்னார்.

"என்னவாம்?" என்று கேட்டார் அக்கா.

"நான் தையல்காரனோ, தபால்காரனோ எண்டு கேக்கிறார்" என்றேன்.

"இரண்டும்தான் எண்டு சொல்லுங்கோ. கடிதம் ஒழுங்காய்ப் போய்ச் சேரோணும்."

நான் அதைச் சைகையில் சொன்னதும் நிரோஷன் சிரித்துவிட்டார். அடுத்த கிழமை கருநீலச் சேட்டோடு வந்தார். அதையும் அளவெடுத்து அழகாகத் தைத்திருந்தார்.

எந்த மென்பொருளால் சுருக்குவது என்பதில்தான் அவர் இரண்டு மாதம் எடுத்தார். எனக்கோ அவசரம். நான் பாவித்த போன் செயலியை முதல் நாளே ஒதுக்கிவிட்டார். அடுத்து, பொத்தான்கள் நிறைந்த ஓர் இலவச மென்பொருளை முயன்று பார்த்தார், பரவாயில்லை என்றார். கடைசியில் பொத்தானே இல்லாத, கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சுச் செய்து இயக்கும் இன்னோர் இலவச மென்பொருளில் போய் நின்றார். அந்தத் திரையைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். ஓர் எழுத்து மாறினால் வேலை செய்யாது. அவர் கட்டளைகளை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுத்தெழுத்தாக எழுதி, பக்கத்தில் தமிழில், "இது படத்தின் அகலம்", "இது ஒரு செக்கனுக்கு எத்தனை படம்", "இது போட்டால் முழுதும் இறங்க முதலே ஓடத் தொடங்கும்" என்று குறித்து வைத்தார்.

"லேசான வழி இருக்கேக்க ஏன் இது?" என்று கேட்டேன்.

"பட்டன் உள்ளது லேசுதான் மிஸ். ஆனா உள்ளுக்க என்ன செய்யுது எண்டு முழுக்கத் தெரியேல்லை. இது நான் சொன்னதை மட்டும் செய்யும். நாளைக்கும் அதையேதான் செய்யும். பிழை விட்டா நான் விட்ட பிழை. தேடிப் பிடிக்கலாம்."

அவர் பிழை விடாதவரும் அல்லர். ஒருமுறை, கேட்காதவர்களுக்குச் சத்தம் எதற்கு, அந்த இடத்தையும் கைக்கே கொடுப்போம் என்று, காணொளிகளில் நான் பேசியிருந்த குரலை முழுவதும் எடுத்துவிட்டார். ஒரு மாதம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பிறகு கிண்ணியாவிலிருந்து ஒரு தாய் மகளோடு வந்தார். அவருடைய மகளுக்குத்தான் காது கேட்காது, தாய்க்குக் கேட்கும். "உங்கட குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் கைப்பாஷை பழகின. இப்ப ஒண்டும் கேக்குதில்லையே" என்றார். அக்கா அந்தத் தாயைத் தன் பக்கத்தில் இருத்தி, அவர் மகளோடு எப்படிப் பேசுகிறார் என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே எல்லாவற்றிலும் குரலைத் திரும்பச் சேர்க்கத் தொடங்கினார். "பாக்கிற ஆக்களை முழுசாய்ப் பாக்கேல்லை நான்" என்று மட்டும் சொன்னார். குரலுக்கு மிகக் குறைந்த இடமே போதும் என்பதையும் அந்தக் கிழமைதான் அவர் கண்டுபிடித்தார்.

எங்களுக்குள் ஒரேயொரு தடவைதான் பெரிய சண்டை வந்தது.

எங்களுக்கு உதவி செய்யும் நிறுவனம் கொழும்பில் இருக்கிறது. அங்கிருந்து ஓர் அதிகாரி போனில் பேசினார். எல்லா மாவட்டச் சங்கங்களுக்கும் புதிய முறை ஒன்று வருகிறது. காணொளியை அப்படியே ஏற்றினால் போதும், மிகப் புதிய முறையில் அதுவே சுருக்கி, அதுவே இணையத்தில் போட்டுவிடும். கோப்பு பாதியளவுதான் இருக்கும் என்றார். எங்கள் காணொளி ஒன்றையே அப்படிச் சுருக்கி மாதிரியாக அனுப்பினார். என் கணினியில் பார்த்தேன். கண்ணாடி போலிருந்தது. நிரோஷனுடைய சேட்டில் ஊசி போன தடம்கூடத் தெரிந்தது. அன்றே, நாங்கள் சம்மதம் என்று கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன்.

அக்காவிடம் அதைக் காட்டியபோது அவரும், "வடிவாய்த்தான் இருக்கு" என்றார். பிறகு கேட்டார்: "எந்தப் போன்ல பாத்தனீங்கள்?"

"கொம்பியூட்டரில."

"எங்கட ஆக்களிட்டக் கொம்பியூட்டர் இருக்கோ, மிஸ்?"

பழைய போன்களால் அந்தப் புதிய முறையைச் சுலபமாக விரித்துக் காட்ட முடியாமல் போகலாம், படம் தடக்கித் தடக்கி ஓடலாம் என்றார். நான் ஏற்கெனவே சம்மதித்துவிட்டேன் என்றேன்.

"எழுதினது நீங்கள்தானே. இன்னொருக்கா எழுதுங்கோ. பொறுங்கோ, பாத்துச் சொல்லுறம் எண்டு."

அந்த நேரத்தில் எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "அவை படிச்ச ஆக்கள், அக்கா. உங்களுக்குக் கலியாண வீடியோ வெட்டின அனுபவம் மட்டும்தான்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கணினியை அணைத்து, கொப்பியைப் பைக்குள் வைத்து, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார். நான் அன்று முழுவதும் வேலை செய்வதுபோல இருந்தேன், ஒன்றும் செய்யவில்லை.

அடுத்த நாள் காலை அலுவலகத்தைத் திறக்க வந்தபோது அவர் வாசலில் நின்றார். தோளில் பை, கையில் குடை, தண்ணீர்ப் போத்தல்.

"இலங்கைத்துறைக்குப் போவம், மிஸ். எங்கட ஆக்களின்ர போனிலயே பாப்பம். நான் சொல்லுறது பிழையெண்டா அங்கயே வைச்சு ஒத்துக்கொள்ளுறன். சரியெண்டா நீங்கள் கடிதம் எழுதோணும்."

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து மூதூர் வரையும் போனோம். அங்கே இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது, நேற்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றேன். "சொன்னது உண்மைதானே" என்றார். "ஆனா கலியாண வீட்டுக்காரர் பொல்லாத ஆக்கள். மாமியின்ர மூக்குத்தி தெரியேல்லை எண்டாலும் திரும்பிக் கொண்டு வருவினம். அவையள்தான் எனக்குப் பாக்கப் பழக்கினவை." அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

இலங்கைத்துறையில் தவராசா என்றொரு மீனவர் எங்கள் சங்க உறுப்பினர். அவருக்கும் அவர் மனைவிக்கும் காது கேட்காது. இன்னும் இரண்டு பேரையும் அவர் கூட்டி வந்திருந்தார். தவராசாவின் போனில் கண்ணாடி வெடித்திருந்தது. வாங்கிப் பல வருடமாகியிருக்கும். சிக்னல், மீன்பிடி வள்ளங்கள் கரையில் இழுத்து விட்டிருந்த இடத்தில்தான் கொஞ்சம் வந்தது. அந்த மணலிலேயே எல்லோரும் இருந்தோம்.

அக்கா இரவோடிரவாக ஒரே செய்தியை நான்கு விதமாகச் சுருக்கி, இணையத்தளத்தில் யாருக்கும் தெரியாத ஒரு பக்கத்தில் போட்டு வந்திருந்தார். அ, ஆ, இ, ஈ என்று மட்டும் பெயர். எது எந்த முறையில் செய்தது என்று எனக்கும் சொல்லவில்லை. அது அவர்கள் அதுவரை பார்த்திராத செய்தி. ஒவ்வொருவருக்கும் ஒன்றைக் காட்டி, என்ன விளங்கியது என்று திருப்பிச் சைகையில் சொல்லச் சொன்னார். நான் பார்த்து எழுத வேண்டும்.

தவராசாவுக்கு 'ஆ' வந்தது. ஓடத் தொடங்கியது, நின்றது, மறுபடி பாய்ந்தது. கை மேலே போனது தெரிந்தது. கீழே வந்தது தெரியவில்லை. அவர் போனை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு போன் சுடுகிறது என்று சைகை காட்டி என் உள்ளங்கையில் அதை வைத்தார். உண்மையாகவே சுட்டது. விளங்கியதைச் சொல்லச் சொன்னபோது, தண்ணீர், ஆஸ்பத்திரி, பிறகு தெரியாது என்றார். அதே போனில் அவர் மனைவிக்கு 'இ' வந்தது. படம் சிறியது. சேட்டின் தையல் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கை தடக்காமல் ஓடியது. அவர் செய்தியை முழுவதும், எத்தனை மணி, எத்தனை மருந்துக் குளிசை, எத்தனை நாள் என்று ஒன்றும் விடாமல் திருப்பிச் சொன்னார். பிறகு அக்கா போனை வாங்கித் தவராசாவுக்கும் 'இ'யைக் காட்டினார். அவரும் சரியாகச் சொன்னார். 'அ'வும் 'ஈ'யும் பார்த்த மற்ற இருவருக்கும் பாதிதான் விளங்கியிருந்தது.

"எது எது, அக்கா?" என்று கேட்டேன்.

"ஆ கொழும்பு. இ எங்கட. மற்ற இரண்டும் நான் முதல் பாத்துக் கழிச்சது."

வென்றுவிட்ட முகமாக அவர் என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் தவராசாவின் மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் 'இ'யை மீண்டும் போட்டு, தன் கையாலும் அதைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். கொழும்பு முறை கெட்டதென்று அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. "நல்ல சாமான்தான். இந்தப் போனுக்கு ஏலாது. போன் மாறட்டும், நாங்களும் மாறுவம்" என்றார்.

திரும்பி வந்து கடிதம் எழுதினேன். யார் யாருக்கு எது விளங்கியது, எது விளங்கவில்லை என்று நான் எழுதிய தாளின் பிரதியையும் வைத்தேன். கொழும்பு அதிகாரி நல்ல மனிதர். இரண்டு நாள் கழித்து அவரே பேசினார். "நாங்க இப்படி உக்காந்து பாக்கல்லை. உங்க செட்டிங்ஸை அனுப்புவீங்களா? மத்த மாவட்டங்களுக்கும் குடுப்போம்" என்றார். அக்கா கொப்பியிலிருந்து நான்கு வரிக் கட்டளையைப் பார்த்துத் தட்டி அனுப்பினார். கீழே பெயர் போடச் சொன்னேன். "கட்டளையில பேர் போட்டா அது வேலை செய்யாது, மிஸ்" என்றார்.

அடுத்த மாரியில் அந்தப் புயல் வந்தது.

காலை பத்து மணியளவில் மாவட்டச் செயலகத்திலிருந்து அறிவித்தல் கிடைத்தது. வள்ளங்களை மேலே இழுக்க வேண்டும். கரையோரத்தில் உள்ளவர்கள் மூன்று மணிக்குள் பள்ளிக்கூடங்களுக்குப் போய்விட வேண்டும். நிரோஷன் மழைக்குள் சைக்கிளில் வந்தார். வானம் இருண்டு கிடந்தது. இருந்த இரண்டு விளக்கையும் போட்டுப் படம் பிடித்தோம். அக்கா கட்டளையைத் தட்டி முடிக்க மின்சாரம் போனது. மடிக்கணினியில் கொஞ்ச நேரத்துக்குத்தான் பற்றரி இருந்தது. வழக்கமாக மூன்று அளவில் சுருக்குவார். "பெரிசு வேண்டாம். சின்னனை மட்டும் செய்யுறன்" என்று அதை மட்டும் ஓடவிட்டார்.

"அப்பிடியே போன்ல எல்லாருக்கும் மெசேஜில அனுப்புவம், அக்கா. நேரம் போகுது" என்றேன்.

"மெசேஜில போட்டா அது தன்ர பாட்டில இன்னொருக்கா நசுக்கும். வேண்டாம். இதை ஏத்திப்போட்டு, லிங்கை மட்டும் அனுப்புவம்."

சுருக்கி முடிந்தது. நான் அனுப்பப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார். மூன்று மணி என்று வரும் இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"மூண்டோ, நாலோ?"

பார்த்தேன். நிரோஷன் அவசரத்தில் கையை வேகமாக ஆட்டியிருந்தார், வெளிச்சமும் போதவில்லை. மூன்றாகவும் இருக்கலாம், நான்காகவும் இருக்கலாம்.

"இன்னொருக்கா எடுப்பம்" என்றார்.

"அக்கா, புயல் வருது!"

"ஓம் மிஸ். அதாலதான்."

நிரோஷனை யன்னல் பக்கம் நிறுத்தினார். மூன்று விரலையும் நெஞ்சுக்கு முன் பிடித்து, ஒன்று, இரண்டு என்று தான் தலையாட்டும்வரை அசைக்காமல் வைக்கச் சொன்னார். மறுபடி சுருக்கினார். அந்தச் சில நிமிடங்களில் நான் அவரை மனதுக்குள் திட்டாத திட்டில்லை. அவர் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு திரையில் ஏறும் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பற்றரி அணையுமுன் காணொளி இணையத்தில் ஏறியது. லிங்கை எல்லோருக்கும் அனுப்பினோம்.

இலங்கைத்துறையில் நடந்ததைப் பிறகுதான் அறிந்தோம். அங்கேயும் மின்சாரம் இல்லை, தொலைக்காட்சி இல்லை. ஒலிபெருக்கி கட்டி வந்த வாகனம், வீதியில் வெள்ளம் பாய்ந்ததால் இடையிலேயே நின்றுவிட்டது. வள்ளம் கிடக்கும் இடத்தில் நின்ற தவராசாவின் போனுக்கு எங்கள் செய்தி போயிருக்கிறது. அவர் தன் வள்ளத்தை இழுத்துவிட்டு, போனை நெஞ்சில் அணைத்து மழை படாமல் மூடிக்கொண்டு, வீடு வீடாக ஓடினார். கதவைத் தட்டி, போனைக் காட்டி, கடலைக் காட்டி, மூன்று விரலைக் காட்டினார். காது கேட்கும் ஊர் முழுவதும், காது கேட்காத ஒரு மனிதரிடம் செய்தி அறிந்து, மூன்று மணிக்கு முன்னரே பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. குரலைத் திரும்பச் சேர்த்திருந்தது எத்தனை நல்லதென்று தவராசாவின் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சொன்னபோதுதான் விளங்கியது. போனைக் காதில் வைத்து என் குரலைக் கேட்ட பிறகுதான் அவர் நம்பினாராம். கரையோரத்தில் சில வீடுகளின் கூரை போனது. ஆளுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

அந்த மாரி முடிந்து சங்கத்தின் கூட்டம் நடந்தது. தவராசா எழுந்து முன்னால் வந்தார். இரண்டு கையாலும் புயலைச் சொன்னார், கதவுகளைச் சொன்னார், பள்ளிக்கூடத்தைச் சொன்னார். கடைசியில் அக்காவைக் காட்டி, வலது கைச் சுட்டுவிரலைத் தன் இடது புருவத்தின் கீழ் வைத்து, மெல்ல மேலே உயர்த்தினார். புருவமும் கூடவே உயர்ந்தது.

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் கைகளை உயர்த்தி விரித்து ஆட்டினார்கள். அது அவர்களுடைய கைதட்டல். பிறகு ஒவ்வொருவராக அதே சைகையைச் செய்தார்கள்.

"என்னவாம், மிஸ்?" என்று மெதுவாகக் கேட்டார் அக்கா.

"உங்களுக்குப் பேர் வைச்சிருக்கினம்."

சைகை மொழியில் ஓர் ஆளின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்வதில்லை. அந்த ஆளுக்கென்று ஒரு சைகை இருக்கும். அதைக் காது கேட்காதவர்கள்தான் கொடுக்க வேண்டும். கேட்டு வாங்க முடியாது. பத்து வருடமாக அவர்களோடு வேலை செய்யும் எனக்கு அப்போதும் யாரும் பெயர் வைத்திருக்கவில்லை. இணைப்பாளர் என்ற பதவிச் சைகைதான். காணொளியை உற்றுப் பார்க்கும்போது அக்காவின் இடது புருவம் மட்டும் மேலே ஏறுமாம். பக்கத்து மேசையில் மூன்று வருடம் இருந்த நான் அதைக் கவனித்ததேயில்லை. அவர்கள் எல்லோரும் கவனித்திருந்தார்கள்.

அவர் எழுந்து நின்றார். தன் விரலைப் புருவத்தின் கீழ் வைத்து உயர்த்திக் காட்டினார். நான்தான் அது என்பதுபோல. அறை முழுவதும் சிரித்தது. அவருக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அக்காவின் கணவர் ஓய்வு பெற்றதும் அவர்கள் மகளோடு இருக்க வவுனியாவுக்குப் போய்விட்டார்கள். கொப்பியை எங்களிடம் விட்டுத்தான் போனார். போன மாதம் மன்னாரில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே நான் முன்பின் கண்டிராத ஓர் இளம் பெண், காது கேட்காதவர், மடிக்கணினியைத் திறந்து அதே நான்கு வரிக் கட்டளையை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். இது யார் செய்தது தெரியுமா என்று சைகையில் கேட்டேன்.

தெரியும் என்றார். விரலை இடது புருவத்தின் கீழ் வைத்து உயர்த்தினார். பிறகு, நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்களா என்று என்னைக் கேட்டார்.

நெஞ்சில் கை வைத்து, ஓம் என்று தலையாட்டினேன். என் அலுவலகத்தில்தான் இருந்தவர் என்று சொன்னேன்.